அறுபத்திரண்டு கொக்குகள்

ராயபுரத்தில் ஒரு வீட்டில் சாவு விழுந்தால் முதல் ஆள் கோயிலுக்குப் போவான், இரண்டாவது ஆள் ரோசியின் ஸ்டூடியோவுக்கு ஓடுவான். சவப்பெட்டிக்குச் சொல்லிவிடுவதெல்லாம் அதற்கப்புறம்தான். பெட்டி காத்திருக்கும், முகம் காத்திருக்குமா? ரோசியின் புருஷன் அம்புரோஸ் காமிராவையும் முக்காலியையும் தூக்கிக்கொண்டு போவான். போனவரைப் பெட்டியோடு கொஞ்சம் நிமிர்த்திச் சாய்த்து, சுற்றிலும் பெண்டு பிள்ளைகளை நிறுத்திப் படம் எடுத்துக்கொண்டு வருவான். அதற்கு மேல் வேலை ரோசியுடையது. மூடிய கண்ணைத் திறந்துவைப்பது அவள் வேலை.

இதில் மாயம் ஒன்றுமில்லை. கண்ணாடித் தகட்டில் எல்லாமே தலைகீழ், கறுப்பு வெளுப்பாகவும் வெளுப்பு கறுப்பாகவும் இருக்கும். தகட்டின் மேலுள்ள மருந்துப் பூச்சை ஊசிமுனைக் கத்தியால் துளி சுரண்டினால், காகிதத்தில் அந்த இடம் கறுப்பாக விழும். அது கண்மணி. அதன் ஓரத்தில் பென்சிலால் ஒரு புள்ளி வைத்தால் வெள்ளையாக விழும். அது கண்ணில் மின்னும் வெளிச்சம். ஸ்டூடியோ ஜன்னல் இடது பக்கம் இருந்ததால், அந்தப் புள்ளி படத்தில் இடது மேல் ஓரத்தில் விழும்படிதான் ரோசி வைப்பாள். கை அப்படிப் பழகிவிட்டது. சுரண்டியது சுரண்டியதுதான், திரும்ப ஒட்ட முடியாது. அதனால் மூச்சை அடக்கிக்கொண்டு செய்வாள்.

கடையை வைத்த அவள் அப்பா ஒரு சட்டம் போட்டிருந்தார்: மூடிய கண்ணோடு ஒரு முகமும் இந்தக் கடைப்படி இறங்கக் கூடாது. அப்பா போய் இருபது வருஷமாகியும் சட்டம் அசையவில்லை. இருட்டறைக்கு வெளியே இரண்டு தகரப் பெட்டிகள் இருந்தன. ஒன்று இருக்கிறவர்களுக்கு, இன்னொன்று போனவர்களுக்கு. அம்புரோஸ் தகட்டைக் கழுவிக் காயவைத்து எந்தப் பெட்டியில் போடுகிறானோ, அதைப் பார்த்து ரோசி வேலையைத் தொடங்குவாள். இதற்காக இரண்டு பேரும் ஒரு வார்த்தை பேசிக்கொண்டதில்லை.

பேச்சுக் குறைந்து போனதற்கு வேறு காரணமும் உண்டு. கொக்குக்கு ஒன்றே மதி என்பார்கள். அம்புரோஸுக்கும் ஒன்றே மதி, அந்த மதி முழுக்கக் கொக்கு.

எண்ணூர்க் கழிமுகத்துக்குள் அலையாத்தி மரங்கள் அடர்ந்த ஒரு திட்டு இருந்தது. ஐப்பசி மழை கொட்டி ஓய்ந்ததும் வெள்ளைக் கொக்குகள் அங்கே வந்து கூடு கட்டும். அந்தக் காலத்தில் பறவைப் படம் என்றால் என்ன? துரைமார் சுட்டுத் தள்ளி, காலடியில் வரிசையாகப் போட்டுக்கொண்டு, துப்பாக்கியைப் பிடித்தபடி நிற்பார்கள். அதுதான் பறவைப் படம். உயிருள்ள பறவையை அது இருக்கிற இடத்திலேயே, அதைப் பயமுறுத்தாமல் எடுக்க வேண்டும் என்று அந்தப் பக்கத்தில் முதலில் நினைத்தவன் அம்புரோஸ்தான். அவனுக்கு வழி காட்ட யாருமில்லை, எல்லாம் தானே கண்டுபிடித்தான். பனங்கட்டைத் தெப்பம் ஒன்று, அதன் மேல் சவுக்குத் தழையால் ஒரு கூண்டு, உள்ளே அவனும் காமிராவும். தெப்பத்தை ஒரு நாளைக்கு ஒரு முழம்தான் நகர்த்துவான். இரண்டு முழம் நகர்த்தினால் கொக்குகள் கண்டுகொள்ளும் என்பான். கூட்டுக்குப் பக்கத்தில் போய்ச் சேர நாற்பது நாளாகும். விடியற்காலை கொருக்குப்பேட்டையில் ரயிலேறி, எண்ணூரில் இறங்கி, ஒரு முழம் நகர்ந்துவிட்டு, மத்தியானம் கடைக்குத் திரும்புவான். இப்படிப் பன்னிரண்டு வருஷம்.

நாற்பத்திரண்டில் ஜப்பான்காரன் குண்டு போடப்போகிறான் என்று பட்டணமே மூட்டை கட்டிக்கொண்டு ஓடியது. ரோசி ஆற்காட்டில் சித்தி வீட்டுக்குப் போனாள். அம்புரோஸ் வரவில்லை. கொக்கே போகவில்லை, நான் எதற்குப் போக வேண்டும் என்று கேட்டான். அவள் திரும்பி வந்தபோது கடையில் இருந்த கடைசி டஜன் தகடுகளையும் கொக்குக்குச் செலவழித்திருந்தான். யுத்த காலத்தில் தகடு தங்கம். கல்யாண வீட்டுக்காரர்களை இல்லை என்று திருப்பி அனுப்ப வேண்டியதாயிற்று. அன்றிலிருந்து ரோசி அவன் பறவைத் தகடுகளைத் தொட்டதில்லை. பரணில் எழுநூறு சேர்ந்தும், ஒன்றைக்கூட வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்ததில்லை. அவ்வளவு ரோஷம் அவளுக்கு.

ஐம்பத்தொன்றில் கழிமுகக் கரையில் ஒரு சாயக் கம்பெனி வந்தது. வந்த கையோடு, அந்தத் திட்டை மண்ணடித்து மேடாக்கிக் கிடங்கு கட்டிக்கொள்ள சர்க்காரிடம் அனுமதி கேட்டது. அம்புரோஸ் மனு எழுதிப் போட்டான். அவனைப் பன்னிரண்டு வருஷமாகத் திட்டுக்குக் கொண்டுபோய் விடுகிற மீன்பிடிக்காரன் தேசப்பனும் கைநாட்டு வைத்தான். கிறிஸ்துமஸுக்கு முந்தின வாரம் விசாரணை, படம் இருந்தால் கொண்டு வரலாம் என்று டெபுடி கலெக்டர் ஆபீஸிலிருந்து கடிதம் வந்தது. ரோசிக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

விசாரணைக்குப் பத்து நாள் இருக்கும்போது, ஒரு நாள் அம்புரோஸ் இடுப்புவரை நனைந்து வந்தான். வேட்டியில் நீலமும் பச்சையுமாய் ஒரு கறை ஏறியிருந்தது. நேரே இருட்டறைக்குள் போனான். வெளியே வந்து ஒரே ஒரு தகட்டைக் காயவைத்து, போனவர்கள் பெட்டியில் போட்டான். பிறகு பாயில் விழுந்தவன்தான், உடம்பு அனலாய்க் கொதித்தது. கம்பவுண்டர் வந்து பார்த்துவிட்டு, விஷத்தண்ணீர்க் காய்ச்சல் மாதிரி இருக்கிறது, ஜெபம் பண்ணுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனான்.

மறுநாள் ரோசி பெட்டியைத் திறந்தாள். ஒரு தகடுதான் கிடந்தது. மனுஷ முகத்தை எதிர்பார்த்து ஜன்னலுக்கு நேரே தூக்கினால், மரம் முழுக்கக் கொக்கு. தகட்டில் கறுப்புக் கறுப்பாய், ஒவ்வொரு கூட்டிலும் ஒன்று, கழுத்தை உள்ளே இழுத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. தூங்குவதுபோல இருந்ததே தவிர, தூக்கம் இல்லை என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. செத்தவர் முகத்தை இருபது வருஷமாகப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்க்கிறவளுக்கு இது தெரியாதா? அம்புரோஸ் பெட்டி மாற்றிப் போடுகிறவனும் இல்லை.

தகட்டை வைத்துவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். கொக்கு செத்ததற்காக இல்லை, பொய் சொல்வானேன். பன்னிரண்டு வருஷமாக இந்த மனுஷன் கட்டிக்கொண்டு அழுதவை, அவனுக்குச் சொந்தபந்தம் மாதிரி. அவற்றைப் போனவர்கள் பெட்டியில் போட்டிருக்கிறான் என்றால் தன்னிடம் ஏதோ கேட்கிறான் என்று நினைத்தாள். விசாரணைக்குப் படம் வேண்டும் என்பதும் அவளுக்கு ஞாபகம் வந்தது. ஒரு கலெக்டர் ஆபீஸுக்குப் போகிற படம், கண் மூடியா போகும்? அவள் ரோஷத்தையெல்லாம் மூட்டை கட்டி வைத்துவிட்டு, தகட்டுக்கு அடியிலிருந்து வெளிச்சம் அடிக்கும்படி மேசையின் கண்ணாடியைத் திருப்பிக்கொண்டு, கத்தியை எடுத்தாள்.

கடுகில் பாதிகூட இல்லாத கண்கள். முதல் கொக்கின் கண்ணைச் சுரண்டி, புள்ளி வைத்து நிமிர்ந்தாள். உள்ளே பாயில் கிடந்த அம்புரோஸ், "ஒண்ணு" என்றான்.

காய்ச்சல் பிதற்றல் என்று இரண்டாவதைத் தொட்டாள். முடித்ததும் "ரெண்டு" என்றான். அவனுக்கும் அவளுக்கும் நடுவில் சுவர் இருந்தது. அவள் கை அவனுக்குத் தெரியாது, கத்தி சுரண்டுகிற சத்தம் அவள் காதுக்கே கேட்காது. மூன்றாவதை வேண்டுமென்றே பாதியில் நிறுத்திவிட்டு உட்கார்ந்திருந்தாள். உள்ளே சத்தமில்லை. தெருவில் ஒரு குதிரைவண்டி போய், பால்காரன் மணி அடித்து, கோயில் மணியும் அடித்து ஓய்ந்தது. மீதியைச் சுரண்டிப் புள்ளி வைத்தாள். "மூணு" என்றான்.

எழுந்து போயிருக்கலாம். ஆனால் ஒன்றைத் திறந்து ஒன்றைத் திறக்காமல் விடக் கூடாது என்பது அவள் தொழில் தர்மம். ஒரு நாளைக்குப் பத்தோ பதினைந்தோ என்று ஐந்து நாள் வேலை நடந்தது. அவள் முடிக்க முடிக்க அவன் எண்ணினான். ஐந்தாம் நாள் அவள் அறுபத்தொன்றை முடித்துக் கத்தியைத் துடைத்தாள். தகட்டில் அவ்வளவுதான். உள்ளே அவன் முனகினான், புரண்டான். "இன்னும் ஒண்ணு" என்றான்.

பூதக்கண்ணாடியை அங்குலம் அங்குலமாக நகர்த்திப் பார்த்தாள். ஓரத்துக் கிளையில், இலைக்குப் பின்னால் இன்னொன்று இருந்தது. அதன் கழுத்து மட்டும் துவண்டு தொங்கியது. அதைப் பார்த்தால் குழந்தைக்கும் தெரிந்துவிடும் செத்தது என்று. தொங்கிய கழுத்தைக் கத்தியால் இலை இலையாகச் சுரண்டி மறைத்தாள், தலையை மட்டும் விட்டு அதன் கண்ணையும் திறந்தாள். "அறுவத்திரெண்டு" என்று அவன் சொன்னான். அந்த நிமிஷம் அவனுக்குக் குப்பென்று வியர்த்து, காய்ச்சல் இறங்கிவிட்டது.

அன்று மாலையே படத்தை அச்சுப் போட்டாள். வாழ்நாளில் இவ்வளவு சுத்தமாக வேலை செய்ததில்லை என்று அவளுக்கே பெருமையாக இருந்தது. ஆனால் அதைச் சுவரோரம் சாய்த்துவிட்டுத் திரும்பியபோது முதுகு கூசியது. அறுபத்திரண்டும் அவளையே பார்த்துக்கொண்டிருந்தன. படத்தைச் சுவர் பக்கம் திருப்பி வைத்துவிட்டுத்தான் சோறு வடித்தாள்.

விசாரணை அன்று அம்புரோஸால் நிற்கவே முடியவில்லை. ரிக்ஷாவில் ரோசிதான் பிடித்துக்கொண்டு போனாள். தகடு என்ன ஆயிற்று என்று கேட்டான், அச்சுப் போட்டுக் கட்டிவைத்துவிட்டேன் என்றாள். அவன் கண் கலங்கி அவள் கையைப் பிடித்துக்கொண்டான். போனவர் படத்தைப் பழுப்புக் காகிதத்தில் சுற்றி அரக்கு வைத்துத்தான் கடையிலிருந்து எடுத்துப்போவார்கள், வழியில் பிரிக்க மாட்டார்கள். அவனும் பிரிக்கவில்லை.

ஆபீஸில் டெபுடி கலெக்டர் குமாரவேல் மனுவைப் படிக்கச் சொன்னார். குமாஸ்தா படித்தது ரோசிக்குத் தெரிந்த மனு இல்லை. காய்ச்சலில் விழுவதற்கு முன் அன்றைக்கே எண்ணூரில் உட்கார்ந்து அம்புரோஸ் எழுதிப் போட்ட இன்னொரு மனு. கம்பெனி ராத்திரியில் சாயத்தொட்டி மதகைத் திறந்துவிட்டது, மீன் செத்தது, மீனைத் தின்று திட்டிலுள்ள கொக்குகள் கூட்டில் உட்கார்ந்தபடியே செத்தன, சாயங்காலம் கம்பெனி ஆட்கள் எல்லாவற்றையும் வாரிக் கொளுத்திவிட்டார்கள், நடந்ததற்கு ஒரே சாட்சி நான் எடுத்த ஒரு படம், என்று அதில் இருந்தது. ரோசி பெஞ்சிலிருந்து எழுந்துவிட்டாள். அரக்கை உடைக்க வேண்டாம் என்று சொல்ல வாயெடுப்பதற்குள் குமாரவேல் உடைத்துவிட்டார்.

அவர் முகம் மலர்ந்தது. கம்பெனி வக்கீல் எட்டிப் பார்த்துவிட்டுச் சிரித்தார். செத்தன என்கிறார் மனுதாரர், அவர் படத்தில் எல்லாம் நம்மையே முறைத்துப் பார்க்கின்றனவே என்றார். அம்புரோஸ் படத்தைப் பார்த்தான். பிறகு ரோசியின் விரல்களைப் பார்த்தான். கண் வரைந்தது என்று சொன்னால் படமே பொய்யாகிவிடும். சொல்லாவிட்டால் மனு பொய்யாகிவிடும். எப்படிப் போனாலும் திட்டுக்குத்தான் கேடு.

குமாரவேல் கெட்டவர் இல்லை. செத்ததாகச் சொன்ன புகாரைத் தள்ளுகிறேன், ஆனால் இப்படி ஒரு கொக்குக் கூட்டத்தைப் பட்டணத்துப் பக்கத்தில் வைத்துக்கொண்டு மண்ணடிக்கச் சொல்ல எனக்கு மனசில்லை என்றார். ஜனவரி பத்தாம் தேதி நேரில் வருவதாகச் சொன்னார். படத்தில் இருப்பதுபோலப் பறவைகள் அங்கே இருந்தால், திட்டை யாரும் தொடக் கூடாது, சாயத்தண்ணீரும் அந்தப் பக்கம் வரக் கூடாது என்று உத்தரவு எழுதிவிடுவார். இல்லாவிட்டால் கம்பெனி தன் வேலையைப் பார்த்துக்கொள்ளலாம்.

ரிக்ஷாவில் அம்புரோஸும் அவளும் வீடு வந்து சேர்ந்தார்கள். ரோசி அழுதாள், காலில் விழாத குறை. அடித்திருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது. அவன் அடிக்கிறவனா? ஜன்னலைப் பார்த்துக்கொண்டு மெதுவாகச் சொன்னான். "ஊர்ல கீற பொணத்துக்கெல்லாம் கண்ணு தொறந்தியே, அது சரி ரோசி. இதுங்களுக்கு அந்த மூடுன கண்ணு ஒண்ணுதான் சாட்சி."

அடுத்த மூன்று வாரமும் தேசப்பன் இரண்டு நாளைக்கு ஒரு தரம் கடைக்கு வந்தான். திட்டில் ஒரு இறகுகூட இல்லை என்றான். காக்காய்கூட உட்காரவில்லை, தண்ணீர் இன்னும் நாறுகிறது, இந்த வருஷம் இனி எதுவும் வராது என்றான். ரோசி தினமும் கோயிலுக்குப் போனாள். என்ன கேட்பது என்று தெரியாமல் மெழுகுவத்தி மட்டும் ஏற்றிவிட்டு வந்தாள். பத்தாம் தேதி தானும் போவது, வெறும் மரத்தைக் காட்டி, குற்றம் என் மேல், என் புருஷன் பொய்யன் இல்லை என்று அந்த அதிகாரியிடம் சொல்லிவிடுவது என்று முடிவு செய்துகொண்டாள். திட்டு போனாலும் போகட்டும், அவன் பெயராவது மிஞ்சட்டும் என்று இருந்தது.

பத்தாம் தேதி காலை ஒன்பது மணி. தேசப்பனின் படகில் குமாரவேல், கம்பெனி மேனேஜர், அம்புரோஸ், ரோசி. அம்புரோஸ் காமிராவைக் கொண்டு வந்திருந்தான், பழக்கம். வெயில் வலது பக்கத்திலிருந்து சுள்ளென்று அடித்தது. வளைவு திரும்பியதும் தேசப்பன் துடுப்பைத் தண்ணீரிலிருந்து எடுத்துவிட்டான். படகு தானாக மிதந்துபோய் நின்றது.

மரம் முழுக்க வெள்ளை.

குமாரவேல் குழந்தை மாதிரி சந்தோஷப்பட்டார். மேனேஜர் கண்ணைக் கசக்கிக்கொண்டு பார்த்தார். கொளுத்தச் சொன்னவரே அவர்தான், ஆனால் அதை யாரிடம் போய்ச் சொல்வார்? அம்புரோஸ் அப்படியே உறைந்துபோயிருந்தான். ரோசிக்குத்தான் முதலில் உறைத்தது. கொக்குக் கூட்டம் என்றால் காது கிழிகிற கூச்சல் இருக்க வேண்டும், அழுகிய மீன் நாற்றம் குடலைப் புரட்ட வேண்டும் என்று அம்புரோஸ் ஆயிரம் தரம் சொல்லியிருக்கிறான். இங்கே ஒரு சத்தமில்லை. நாற்றமும் இல்லை. காற்றில் கிளைகள் ஆடின. அவற்றின் மேல் உட்கார்ந்திருந்த கொக்குகள் ஆடவில்லை.

நீங்களும் பாருங்கள் அம்மா என்று குமாரவேல் தன் பைனாகுலரை நீட்டினார். ரோசி வாங்கினாள். கண்ணில் வைத்தாள். வெயில் வலது பக்கம் இருந்தது. ஒவ்வொரு கொக்கின் கண்ணிலும் வெளிச்சப் புள்ளி இடது மேல் ஓரத்தில் இருந்தது. ஒன்றில்கூட மாறவில்லை. அவள் கை வைத்த புள்ளி அவளுக்குத் தெரியாதா? பைனாகுலர் ஓரத்துக் கிளைக்கு நகர்ந்தது. அங்கே இருந்த கொக்குக்குக் கழுத்து இல்லை. கழுத்து இருக்க வேண்டிய இடத்தில் இலைகள் இருந்தன, இலைகளுக்குக் கீழே ஒரு தலையும் கண்ணும் இருந்தன. ரோசி பைனாகுலரைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, படகின் விளிம்பைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள்.

பறக்கிறதைப் பார்க்க வேண்டும் என்று குமாரவேல் கை தட்டினார். எதுவும் எழும்பவில்லை. இன்னும் பலமாகத் தட்டினார். தட்டிய சத்தம் தண்ணீரில் போய்த் திரும்பி வந்தது. அறுபத்திரண்டும் அவரைப் பார்த்தபடி இருந்தன. அவர் கை மெல்லக் கீழே இறங்கியது. கைக்குட்டையால் நெற்றியைத் துடைத்துக்கொண்டு, அடைகாக்கிற நேரம், தொந்தரவு செய்ய வேண்டாம், போகலாம் என்றார். திரும்பும்போது அவர் ஒரு தரமும் திட்டின் பக்கம் பார்க்கவில்லை. ஆனால் அன்று சாயங்காலமே உத்தரவில் கையெழுத்துப் போட்டுவிட்டார்.

படகு திரும்புவதற்கு முன் அம்புரோஸ் ஒரு தகடு எடுத்திருந்தான். வீட்டுக்கு வந்து கழுவினான். இருட்டறையிலிருந்து வெகுநேரம் வெளியே வரவில்லை. ரோசி உள்ளே போனபோது ஈரத்தகட்டைக் கையில் வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்தான். தகட்டில் மரம் இருந்தது, கிளை இருந்தது, வெறும் கூடுகள் இருந்தன. ஒரு கொக்குகூட விழவில்லை.

தகட்டில் விழுவதுதான் நிஜம், மற்றதெல்லாம் வாய்ப்பேச்சு என்று வாழ்ந்த மனுஷன். இதை அந்த அதிகாரியிடம் கொண்டுபோய்க் கொடுத்துவிட வேண்டும், உத்தரவு பொய்யின் மேல் நிற்கிறது என்றான். ரோசி அவன் எதிரில் உட்கார்ந்தாள். அதுவரை அவனுக்கு எதிராகத்தான் பேசியிருக்கிறாள். முதல்தடவையாகத் திட்டுக்காகப் பேசினாள்.

"குடுத்தா இன்னா ஆவும்? மண்ணடிச்சி மூடிடுவான். நெசமான கொக்கு ஒண்ணு என்னிக்காவது திரும்பி வந்தா எங்கயா குந்தும்?"

அவன் எழுந்தான். தகட்டைத் துடைத்தான். இரண்டு தகரப் பெட்டிகளையும் மாறிமாறிப் பார்த்தான். எதில் போடுவது என்று தெரியாமல் கடைசியில் பரணில் ஏற்றிவிட்டான்.

அதன் பிறகு ரோசியால் கண் திறக்க முடியவில்லை. கத்தியைக் கையில் எடுத்தாலே சுவருக்கு அந்தப் பக்கம் யாராவது எண்ணுவார்களோ என்று காது அங்கேயே போய்விடும். மூடிய கண்ணோடு படம் கொடுத்தால் யார் வாங்குவார்கள்? செத்தவர் வேலையெல்லாம் வண்ணாரப்பேட்டைக் கடைக்குப் போயிற்று. கல்யாணப் படமும் பாஸ்போர்ட் படமுமாகக் காலம் ஓடியது. அம்புரோஸ் பழையபடி விடியற்காலை ரயிலில் போனான். சாயத்தண்ணீர் நின்று இரண்டு மழை அடித்ததில் கழிமுகம் கொஞ்சம் கொஞ்சமாகத் தெளிந்தது, இறால் திரும்பியது. அதிகாரி வருஷத்துக்கு ஒரு தரம் வந்து, தூரத்திலேயே படகை நிறுத்திப் பார்த்துவிட்டு, உண்டு என்று எழுதிக்கொண்டு போனார். கிட்டே போகச் சொல்லி அவர் கேட்கவே இல்லை. மீனவர்கள் அந்தப் பக்கம் வலை வீசுவதில்லை. அம்புரோஸ் மட்டும் தெப்பத்தை ஒரு நாளைக்கு ஒரு முழம் நகர்த்திக்கொண்டு, அசையாத கொக்குகளுக்கு முன்னால் உட்கார்ந்திருந்தான். பயமில்லையா என்று ரோசி கேட்டதற்கு, பயமா, அதுங்க முகத்தைப் பார்க்க வெட்கமாக இருக்கிறது என்றான்.

ஐம்பத்துமூன்று டிசம்பரில் ஒரு நாள் விடியற்காலை ரோசியும் கூடப் போனாள். தனியாக அவன் அங்கே உட்கார்ந்திருப்பதை நினைத்தால் வீட்டில் அவளுக்கு இருப்புக் கொள்ளவில்லை. தேசப்பன் படகைத் திட்டுக்கு இருபது அடியில் நிறுத்தினான். வழக்கம்போல வெள்ளையாய், சத்தமில்லாமல் உட்கார்ந்திருந்தன. ரோசி தலைகுனிந்து ஜெபமாலையை உருட்டிக்கொண்டிருந்தாள்.

தலைக்கு மேலே தொண்டை கட்டினவன் கத்துவதுபோல ஒரு கத்தல் கேட்டது. நிமிர்ந்தாள். அலகில் ஒரு சுள்ளியோடு ஒரு கொக்கு, கால்களைப் பின்னால் நீட்டிக்கொண்டு, அழுக்கு இறக்கைகளை அடித்தபடி வந்தது. மரத்தை ஒரு சுற்றுச் சுற்றியது. ஏற்கெனவே ஒன்று உட்கார்ந்திருந்த கூட்டின் மேலேயே வந்து இறங்கியது. ரோசி கண் சிமிட்டவில்லை, அது சத்தியம். ஆனாலும் எப்போது என்று தெரியவில்லை, கூட்டில் ஒன்றுதான் இருந்தது. அது சுள்ளியை இங்கே செருகி, அங்கே பிடுங்கி, தன்பாட்டுக்குத் திட்டிக்கொண்டிருந்தது. கிளை அதன் கனத்துக்கு ஏற்ப ஆடியது.

தேசப்பன் நெஞ்சில் கைவைத்துக்கொண்டான். "இத்தினி நாளு ரயில்ல துண்டு போட்டு எடம் புடிச்சி வெக்கிறாப்ல வெச்சிகினு குந்திருந்திச்சிங்க யக்கா" என்றான்.

இன்னொன்று வந்தது. அப்புறம் இரண்டு, ஒன்றை ஒன்று துரத்திக்கொண்டு. அவை இறங்கிய கூடுகளிலும் மௌனமாய் இருந்தவை இல்லாமல் போயின. அழுகிய மீனும் எச்சமுமாக நாற்றம் எழுந்து வந்து படகைச் சூழ்ந்தது. ரோசி மூக்கைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அம்புரோஸ் பக்கம் திரும்பினாள். காமிரா அவன் காலடியில் பையிலிருந்து எடுக்கப்படாமலே கிடந்தது. அவன் அண்ணாந்து பார்த்துக்கொண்டு, வாய் விட்டு, ஏங்கி ஏங்கி அழுதுகொண்டிருந்தான். பன்னிரண்டும் இரண்டும் பதினாலு வருஷ அழுகை அது. அப்போது மேலே பறந்த ஒன்று அவன் வழுக்கைத் தலையில் சொத்தென்று எச்சமிட்டது. வெள்ளையாய் நெற்றியில் வழிந்தது. ரோசி பதறிப்போய் முந்தானையை எடுத்துக்கொண்டு கிட்டே போனாள். அவன் அவள் கையைப் பிடித்து நிறுத்தினான்.

"தொடைக்காத ரோசி," என்றான். "கொஞ்ச நேரம் கெடக்கட்டும்."